ஷூ போடாதவங்களுக்கும் கால் இருக்கு

இடுப்பு மூட்டு மாத்துற ஆபரேஷன் இப்ப எங்க ஊர்லயும் நாலு பேருக்குத் தெரிஞ்ச வைத்தியம். வலி போயிருது, ராத்திரி தூக்கம் வருது. அதைக் குறை சொல்லலை. "ஒரு கால் நீளமாத் தெரியுதுங்க"ன்னு சொன்னா கிடைக்கிற பதிலைத்தான் குறை சொல்றேன்: "சரியாயிரும், ஷூவுக்குள்ள ஒரு அட்டை வச்சுக்குங்க."

எங்க சித்தப்பாவுக்கும் இதே பதில்தான். அவர் ஆயுசுக்கும் ஷூ போட்டதில்லை. வீட்ல வெறுங்கால், வயல்ல வெறுங்கால், கடைவீதிக்குப் போனா ரப்பர் செருப்பு. அட்டையை எங்க வைப்பாரு?

"சரியாயிரும்"ங்கிறது பொய்யில்லை. மூட்டுத் தேய்ஞ்சு பல வருஷம் குறுகிக் கிடந்த கால் புது மூட்டால நிமிருது. சுத்தியிருக்கிற தசை இறுகிக் கிடக்கிறதால இடுப்பெலும்பு சாய்ஞ்சு, கால் நீண்ட மாதிரி தெரியும். பயிற்சி செஞ்சா பெரும்பாலானவங்களுக்கு 3 முதல் 6 மாசத்துல தணிஞ்சிரும். அதுக்குள்ள அவசரப்பட்டு உயரம் வச்சா தசை தளர்றது தடைப்படலாம்.

ஆனா சிலருக்கு நிஜமாவே நீளம் கூடியிருக்கும். மூட்டு நழுவாம உறுதியா நிக்கணும்னு சர்ஜன் கொஞ்சம் கூட்ட வேண்டியிருக்கும். எது நிஜம், எது தோற்றம்னு கண்டுபிடிக்க, படுக்க வச்சு டேப்பால அளக்கலாம், நிக்க வச்சு பாதத்துக்கு அடியில கட்டை வச்சுப் பாக்கலாம், எக்ஸ்ரேவும் இருக்கு. எதையும் செய்யாம வாயால அனுப்பி வச்சா எப்படி?

சொல்லாம விட்டா என்னாகும்? "ஆபரேஷன் ஆன கால்தானே கோளாறு"ன்னு செருப்புத் தைக்கிறவர்கிட்ட அந்தக் காலுக்கே உயரம் ஒட்டிக்குவாங்க. நீண்டது அந்தக் கால்னா, உயரம் வேண்டியது மத்த காலுக்கு!

"1 செ.மீ. எல்லாம் ஒரு வித்தியாசமா?"ன்னு கேக்குற நகரத்து நண்பர்களே, டைல்ஸ் தரையில அது தெரியாமப் போகலாம். வரப்பு ஒரு பக்கம் சரிஞ்சிருக்கும், சேத்துல கால் புதையும். அங்க வந்து நடந்து பாருங்க.

நாங்க கேக்குறது பெருசில்லை. கால் நீளம் மாறலாம்னு ஆபரேஷனுக்கு முன்னாடியே சொல்லுங்க. 6 மாசம் கழிச்சு அளந்து, எந்தக் காலுக்கு எவ்வளவு உயரம்னு தமிழ்ல எழுதிக் குடுங்க. வார் வச்ச செருப்போட அடியில ரப்பர் ஒட்ட எங்க ஊர் ஆளுக்கே தெரியும். பாதம் மரத்தாலோ தூக்க முடியலைன்னாலோ காத்திருக்காம வரச் சொல்லுங்க.

ஊர்லருந்து அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போறவங்க நீங்கதான். டாக்டர் "சரியாயிரும்"னதும் எந்திரிச்சிராதீங்க. "அளந்து சொல்லுங்க சார்"னு கேளுங்க.