முக்கொம்பில் திருத்தப்பட்ட தவறு

2018 ஆகஸ்ட் 22 இரவு, முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே நின்ற மேலணையின் 45 மதகுகளில் ஒன்பது அடுத்தடுத்து இடிந்து விழுந்தன. மேட்டூர் அணை நிரம்பி வழிந்த ஆண்டு அது. கொள்ளிடம் இரு கரையும் தொட்டுக் கடலுக்கு ஓட, கடைமடை விவசாயிகளோ வாய்க்காலுக்குத் தண்ணீர் வரவில்லை என்று குமுறிக்கொண்டிருந்தார்கள். மணல் மூட்டைகளையும் பாறாங்கற்களையும் அடுக்கி உடைப்பை அடைத்தார்கள். பிறகு ரூ.387.60 கோடி மதிப்பில் புதிய கதவணை கட்டப்பட்டது.

உடைந்ததைக் கட்டியாயிற்று. ஆற்றைக் கவனிக்கக் கற்றோமா?

அதே முக்கொம்பில் ஒரு காலத்தில் அந்தக் கவனிப்பு இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சைச் சீமை தண்ணீருக்குத் தவித்தது. முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடம் தாழ்வான ஆறு, சரிவும் அதிகம். காவிரியிலோ மணல் மேடிட்டுக்கொண்டே வந்தது. வந்த தண்ணீரெல்லாம் கொள்ளிடத்தின் பக்கமே சாய்ந்தது. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836இல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டினார். ஆற்று மணலில் அடித்தளம் போடும் வித்தையை அவருக்குக் கற்றுத்தந்தது கல்லணை.

காவிரிக்குத் தண்ணீர் திரும்பியது, தேவைக்கு மேலேயே திரும்பியது. சில ஆண்டுகளில் வேகமாகப் பாய்ந்த நீர் காவிரியின் படுகையை அரித்தது, வாயை அகலமாக்கியது. இப்படியே விட்டால் தஞ்சை வெள்ளக்காடாகும் என்ற அச்சம் எழுந்தது. கட்டியது சரிதான் என்று பொறியாளர்கள் பிடிவாதம் பிடிக்கவில்லை. 1843இல் மேலணையின் நடுப்பகுதி உயரத்தைக் குறைத்தார்கள். 1845இல் காவிரியின் தலைப்பில் படுகை மட்டத்துக்குக் குறுக்குச் சுவர் எழுப்பி அரிப்பை நிறுத்தினார்கள். நடந்ததை மறைக்கவும் இல்லை. பேர்டு ஸ்மித் என்ற பொறியாளர் 1856இல் வெளியிட்ட நூலில் இந்தப் பிழையும் திருத்தமும் பதிவாகின. காவிரியில் பெற்ற அனுபவத்தோடுதான் காட்டன் கோதாவரிக்குப் போனார். அங்கே தவளேஸ்வரம் அணை 1852இல் முடிந்தது.

இன்று டெல்டாவின் சிக்கலும் படுகையில்தான் இருக்கிறது. பல ஆண்டுகளாக மணல் அள்ளியதில் ஆறு பள்ளமாகிவிட்டது. ஆற்றில் தண்ணீர் ஓடினாலும் பல இடங்களில் வாய்க்காலின் தலைமதகு அதற்கு மேலே அந்தரத்தில் நிற்கிறது. ஆற்றங்கரையில் நிலம் வைத்திருப்பவரே டீசல் இன்ஜின் வைத்து இறைக்க வேண்டியிருக்கிறது. முறை வைத்துத் தண்ணீர் விட்டாலும் அந்த மதகில் ஏறாது. அள்ளிய மணலை ஆறே கொண்டுவந்து நிரப்பிவிடும் என்று நம்பவும் வழியில்லை. 1934இல் மேட்டூர் அணை வந்த பிறகு மேலிருந்து உருண்டுவரும் மணலின் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது.

மதகு உடைந்தால் செய்தியாகிறது. படுகை ஆண்டுக்கு ஆண்டு இறங்குவது யார் கண்ணிலும் படுவதில்லை. ஆகவே மேட்டூர் திறக்கும் ஜூன் 12க்கு முன்பாக, கோடையில் ஆறு காய்ந்து கிடக்கும்போதே, முக்கொம்பு முதல் கடைமடை வரை ஒவ்வொரு தலைமதகிலும் படுகை மட்டத்தை நீர்வளத் துறை அளக்க வேண்டும். முந்தைய ஆண்டுக் கணக்கோடு சேர்த்து அதை அந்தந்த ஊர் கிராம சபையில் வைக்க வேண்டும். மட்டம் இறங்கிய இடத்தில் மணல் அள்ளத் தடை, தேவைப்படும் இடத்தில் படுகை அணை என்று அங்கேயே முடிவெடுக்கலாம். 1845இல் செய்ய முடிந்த வேலைதான் இது.