தொட்டுப் பார்க்க விடுங்கள்



மகனைப் பார்க்க அமெரிக்கா வந்த இடத்தில், அரிசோனாவில் டூசான் நகரத்துக் கனிமச் சந்தைக்கு அழைத்துப் போனான். 1955இல் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆரம்பித்த கண்காட்சி. இன்று ஜனவரி கடைசியிலிருந்து இரண்டு வாரத்துக்கும் மேல் ஊரே சந்தைதான். நெடுஞ்சாலை ஓரம் கூடாரங்கள். மோட்டல் அறைகளில்கூடக் கடை. ஆள் உயரப் பிரேசில் செவ்வந்திக்கல், மொராக்கோ புதைபடிவங்கள், நம் மகாராஷ்டிரத்துக் கற்கள். தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல எல்லோரும் எடுத்துப் பார்க்கிறார்கள்.

ஒரு கடையில் ஏழெட்டு வயதுச் சிறுமி, கண்ணாடி போன்ற கால்சைட் கல்லை விலைச்சீட்டின்மேல் வைத்தாள். எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. கடைக்காரர் தடுக்கவில்லை. "கல்லைச் சுற்றிப் பார்" என்றார். ஓர் எழுத்து நிற்க, இன்னொன்று அதைச் சுற்றி வந்தது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பிளஸ் டூவில் இரட்டை ஒளிவிலகலை நான் கரும்பலகையிலேயே நடத்தி முடித்தேன். ஆய்வக பீரோவில் அதே கல் இருந்தது. உடைந்தால் ஆடிட்டில் பதில் சொல்ல வேண்டுமே என்று பூட்டியே வைத்தேன். உங்களில் ஒருவர்கூட அதைத் தொட்டதில்லை. தப்பு என்னுடையதுதான்.

ஆசிரியர்களாக இருக்கும் என் பிள்ளைகளே, பீரோவைத் திறந்துவிடுங்கள். கல் இல்லையென்றால் சேலத்து மேக்னசைட், பல்லாவரத்துச் சார்னோகைட், ஆற்றுக் கூழாங்கல் எதுவும் போதும். உடைந்தால் பதிவேட்டில் எழுதிக்கொள்ளலாம். தொடாமல் போன பிள்ளைக்கு எந்தப் பதிவேடும் இல்லை.

அன்புடன்,
உங்கள் பிசிக்ஸ் சார்