மலைப் பள்ளிக்கூடங்களும் நம் குழந்தைகளும்

பழனிமலைத் தொடரின் உச்சியிலே, கொடைக்கானலில், தனியார் நடத்தும் பள்ளிக்கூடங்கள் பல இருக்கின்றன. அவற்றில் தம் மக்களைச் சேர்க்க விரும்பும் பெற்றோரில் இரு சாரார் உண்டு. பரீட்சையில் தேர்ச்சியும் பிறதேசத்துச் சர்வகலாசாலையில் இடமும் கிடைத்தால் போதும், பாஷையும் பண்பாடும் வீட்டு விஷயம் என்பார் ஒரு சாரார். காலையில் பிரார்த்தனையும் சுவரில் சரஸ்வதி படமும் இருந்தால் போதும், கணிதமும் விஞ்ஞானமும் எப்படியிருந்தாலும் பாதகமில்லை என்பார் மற்றொரு சாரார். இருவரும் கல்வியையும் பண்பாட்டையும் தராசின் எதிரெதிர்த் தட்டுக்களில் வைத்து நிறுக்கிறார்கள். நிறுக்கும் முறையே தவறு என்பது நமது அபிப்பிராயம்.

கொடைக்கானலின் சரித்திரமே இதற்குச் சான்று. 1845-இல் அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார் அங்கே வீடு கட்டிக் குடியேறினார்கள். தம் பிள்ளைகளைப் படிப்பின் பொருட்டுக் கடல் கடந்து அனுப்பிப் பிரிந்திருப்பது மிஷனரிகளுக்குப் பெருந்துயரமாயிருந்தது. அக்குறையைத் தீர்க்கவே 1901-இல் ஹைகிளெர்க் பள்ளி தோன்றிற்று. இன்றைய கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் அதுவே. 1976-இல் இன்டர்நேஷனல் பாக்கலாரியட் பாடத்திட்டத்தை இந்தியாவில் முதன்முதல் ஏற்றதும் அப்பள்ளியே. அதன் கல்வித்தரத்தைக் குறைகூற நமக்குக் காரணமில்லை. ஆனால் அதை ஸ்தாபித்தவர்களின் நோக்கத்தை நம்மவர் ஊன்றிக் கவனிக்கவேண்டும். அந்நிய நாட்டில் வாழ்ந்தபோதும் தம் குழந்தைகள் தம் பாஷையிலே, தம் மதத்திலே, தம் தேசத்துக் கலாசாலைகளுக்கு ஏற்ற பாடங்களைக் கற்கவேண்டுமென்று அவர்கள் விரும்பினார்கள். அதற்காகப் படிப்பின் தரத்தைத் தாழ்த்திக்கொள்ளவுமில்லை. சொந்த நாட்டிலே வாழும் நாம் நம் குழந்தைகளுக்கு அதையே கோரினால் அது குறுகிய புத்தியாகுமா?

கொடைக்கானல் செல்லும் தமிழர் குறிஞ்சியாண்டவரைத் தரிசிக்காமல் திரும்புவது அரிது. 1936-இல் அக்கோயிலைக் கட்டுவித்தவர் லீலாவதி ராமநாதன் அம்மையார், பிறப்பால் ஐரோப்பியர், ஹிந்து மதத்தைத் தழுவி, இலங்கைத் தலைவர் ஸர் பொன்னம்பலம் ராமநாதனை மணந்தவர். அந்த ராமநாதனே 1913-இல் யாழ்ப்பாணத்துப் பெண்களுக்காக ராமநாதன் கல்லூரியையும், 1921-இல் பரமேசுவரக் கல்லூரியையும் நிறுவினார். 1974-இல் யாழ்ப்பாணத்திலே பல்கலைக்கழக வளாகம் தொடங்கியது பரமேசுவரக் கல்லூரி மனையிலேதான். இவ்வழிக்கு முன்னோடி ஆறுமுக நாவலர். மிஷன் பள்ளியில் படித்து அங்கேயே ஆசிரியராயிருந்த அவர், பாதிரிமாரை வைதுகொண்டு வாளா இருந்துவிடவில்லை. 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, மிஷன் பள்ளிகளின் வகுப்புமுறையையும் அச்சுப் புத்தகத்தையும் தமக்காக்கிக்கொண்டு, தமிழில் பாலபாடங்களை இயற்றினார். பண்பாட்டைக் காக்கத் தோன்றும் பள்ளி படிப்பில் பின்தங்கியே தீரவேண்டும் என்பதில்லை.

ஆயினும் பண்பாடு என்ற பெயர்ப்பலகை மட்டும் போதாது. 1922-இல் வ. வே. சு. ஐயர் சேரமாதேவியில் குருகுலம் நிறுவினார். தேசபக்தியிலும் புலமையிலும் அவரை விஞ்சியவர் சிலரே. காங்கிரஸின் பணமும் அதற்கு உதவிற்று. அத்தகைய ஸ்தாபனத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி என்ற ஒரு வழக்கம் நுழைந்தது. வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமியும் அதைக் கண்டித்து எழுந்தார்கள். தமிழ்நாட்டுக் காங்கிரஸே கலங்கிற்று. பண்பாடு எது, பழைய பழக்கம் எது என்று பகுத்துப் பாராத பள்ளி எத்துணை உயர்ந்தோர் கையிலிருந்தாலும் நிலைபெறாது என்பதே அதன் படிப்பினை.

ஆகவே பெற்றோர் கட்டடத்தையும் விளம்பரத்தையும் பார்த்து மயங்காமல் சில கேள்விகளைக் கேட்கட்டும். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தமிழைப் படிப்படியாகக் கட்டாய பாடமாக்க 2006-இல் சட்டம் பிறந்தது. சட்டத்துக்கு அஞ்சித் தமிழை ஒரு மூலையில் உட்காரவைப்பது வேறு, தமிழில் சிந்திக்கப் பழக்குவது வேறு. இப்பள்ளி செய்வது எது? தமிழாசிரியருக்கும் கணித ஆசிரியருக்கும் ஒரே சம்பளமும் ஒரே மதிப்பும் உண்டா? பரிசோதனைச் சாலை மாணாக்கர் கைபடத் திறந்திருக்கிறதா, வருகிறவர்களுக்குக் காட்டப் பூட்டியிருக்கிறதா? ஆண்டுக்குப் பல லட்சம் ரூபாய் செலுத்துவோர் பிள்ளையின் பக்கத்தில், அம்மலையிலேயே பிறந்த ஏழைப் பிள்ளைக்கும் இடம் உண்டா? சமையற்கட்டிலும் தோட்டத்திலும் உழைப்பவரிடம் மாணாக்கன் மரியாதையோடு தமிழில் பேசுகிறானா?

அம்மலையிலே பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குறிஞ்சி பூக்கிறது. அது ஏன் அவ்வாறு பூக்கிறது என்பதைத் தாவர சாஸ்திரத்திலும், ஒரு நிலத்துக்கே ஏன் அதன் பெயரை வைத்தார்கள் என்பதைச் சங்க நூல்களிலும் ஒரே மாணாக்கன் கற்கவேண்டும். அவ்விரண்டையும் கற்பிக்கும் பள்ளியையே நாடுங்கள். ஒன்றை மட்டும் கற்பிக்கும் பள்ளி பாதிக் கல்விக்கு முழுக் கட்டணம் வாங்குகிறது.