நிரல் எழுதத் தமிழ் தடையா?

ஓசூரிலிருந்து இராயக்கோட்டை செல்லும் வழியில் உள்ள ஊர் உத்தனப்பள்ளி. அப்பகுதியெங்கும் ஆலைகள், எல்லை கடந்தால் பெங்களூரின் மென்பொருள் நிறுவனங்கள். ஆலையில் ஒப்பந்தக் கூலியாய் இரவுமுறை பார்க்கும் இளைஞன், தானே கற்று நிரலாளனாக எண்ணுங்கால் அவன் செவியில் விழும் முதற்சொல், "தமிழ்வழி படித்தவனுக்கு அது வராது" என்பதே. இது பொய். தமிழரே இப்பொய்யைச் சொல்வது அதனினும் கொடிது.

சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி யார்? தமிழாசிரியர், சிறுகதை எழுதியவர். அவர் உருவாக்கிய 'கணியன்' மென்பொருள் தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடிகளுள் ஒன்று. 1995இல் சிங்கப்பூர்ப் பாக்கள் நான்கு மொழிகளிலும் இணையமேறியபோது தமிழும் உடன் ஏறிற்று. 1999இல் அவர் மறைந்தார். சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரமோ வேதியல் அறிஞர். 'மயிலை' எழுத்துருவை விலையின்றி வழங்கியவர். 1998இல் மதுரைத் திட்டத்தைத் தொடங்கியவர். தமிழாசிரியர் என்றாலே ஏட்டுக்குள் ஒடுங்கியவர் என நகையாடுவோர் முன்னவரையேனும் அறிந்திருத்தல் நன்று.

முத்தையா அண்ணாமலை 2013இல் வெளியிட்ட 'எழில்' நிரல்மொழியைக் காண்க. திரையில் காட்டுக என்பதற்குப் 'பதிப்பி' என்பதே கட்டளை. ஆங்கிலவழி நிரல்மொழிகளில் 'இஃப்' முன்னே நிற்கும், நிலை பின்னே வரும். எழிலிலோ நிலை முன்னே, 'ஆனால்' பின்னே. தமிழ்த் தொடரின் இயல்பே அதுதான்! எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது விளங்காதா?

எழிலை மட்டும் கற்றால் வேலை கிடைக்குமா? கிடைக்காது. ஊதியம் தருவன பைத்தான், சாவா போன்றவையே. ஆயின் பைத்தானுக்கென ஒதுக்கப்பட்ட சொற்கள் ஏறத்தாழ 35 மட்டுமே. பேருந்திலும் உணவகத்திலும் தமிழன் நாள்தோறும் அதனினும் மிகுதியாக ஆங்கிலம் கலக்கிறானே! அரியது சொல்லன்று, சிக்கலைக் கூறுகூறாய்ப் பிரித்து, வரிசையிட்டு, பிழை கண்டு களையும் எண்ணமுறையே அரியது. அது தாய்மொழியில்தான் விரைந்து பதியும். பிழைச் செய்திகளும் விளக்கக் குறிப்புகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன; அவற்றைப் படித்தறியும் அளவிற்கு அம்மொழியையும் கற்கட்டும், கருவியாக.

2012இல் தோன்றிய 'கணியம்' இதழும், அதன்வழிக் கட்டணமின்றிக் கிடைக்கும் து. நித்யாவின் எளிய தமிழ் நூல்களும் பல்கலைக்கழகங்கள் செய்திருக்க வேண்டிய பணியைச் செய்கின்றன. ஊர்ப்புற நூலகங்களில் அவற்றின் அச்சுப்படிகளை வைக்கவும், ஒரு கணிப்பொறியை இரவு ஒன்பது மணிவரை திறந்து வைக்கவும் அரசுக்கு எவ்வளவு செலவாகும்? ஒரு கலைச்சொல்லுக்காக மூன்று நாள் வழக்காடும் புலவர்களும் நிரலாளரோடு அமர்ந்து ஒரு பாடமேனும் எழுதித் தரட்டும்.