பழைய வண்டி பார்க்கப் போனோம்

கல்லூரிக்குப் போகும் என் பிள்ளைக்கு ரேஸ் மாதிரி மோட்டார் சைக்கிள்தான் வேண்டுமாம்; பழசானாலும் சரியாம். "நானும் வர்றேன்டா" என்று கிளம்பினேன்.

ஆர்.சி. புத்தகம் சரியாகவே இருந்தது. டயரில் 1217 என்று நாலு இலக்கம். 2017-ஆம் வருஷம் 12-ஆவது வாரம் தயாரானது என்று அர்த்தம் (என் தம்பி சொல்லிக் கொடுத்தது). ஓரமெல்லாம் வெடிப்பு.

"ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆகும், பாருங்கம்மா" என்றார் விற்கிறவர். எஞ்சின் பக்கம் கையைக் கொண்டுபோனேன், அனல்! முன்னமே ஓட்டி வைத்திருக்கிறார். ஆறின எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்றல்லவா பார்க்கவேண்டும்?

ஏ.பி.எஸ்.ஸும் இல்லை. 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகள் எல்லாவற்றுக்கும் அது கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். புதிதாய் ஓட்டுகிறவன் பயந்துபோய் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் சக்கரம் அப்படியே நின்றுவிடும். ஈரத் தரை என்றால் கேட்கவே வேண்டாம்.

மூன்று நாள் பிள்ளை முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாம் நாள், "அம்மா, 2020 மாடல் ஒண்ணு இருக்காம்" என்றான்.

"காலையிலே வர்றோம், அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்னு சொல்லு."