நர்சம்மா, உங்கள் மகளுக்குப் போட்டீர்களா?

"நர்சம்மா, உங்கள் மகளுக்கு இந்த ஊசியைப் போட்டீர்களா?"

பெண்ணைக் கையில் பிடித்து வரும் எந்தத் தாயும் கேட்கக்கூடிய கேள்வி இது. "போட்டுவிட்டேன்" என்று நர்சு சொன்னால், தாயின் பயம் பாதி பறந்துவிடும். நர்சே தயங்கினால்? வந்த வழியே திரும்பிப் போய்விடுவாள்.

எச்.பி.வி. தடுப்பு ஊசியின் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

பொல்லாத நோய்

2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சுமார் 1 லட்சத்து 27 ஆயிரம் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் கண்டதாக மதிப்பிடப்பட்டது. மாண்டவர்கள் சுமார் 80 ஆயிரம் பேர்!

இந்நோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ் கிருமி. இதைக் கண்டுபிடித்த ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசன் 2008-ல் நோபல் பரிசு பெற்றார்.

தயக்கம் ஏன்?

இந்த ஊசி இந்தியாவுக்கு வந்ததும் 2008-ல்தான். இன்றைய மூத்த நர்சுகள் படித்த காலத்தில் இப்படி ஓர் ஊசியே கிடையாது. அவர்கள் தாங்களே போட்டுக்கொள்ளவும் வழியில்லை.

கிருமி உடலுறவினால் பரவுவது. ஆகவே பேசக் கூச்சம். "பச்சைக் குழந்தைக்கு இது எதற்கு?" என்ற எண்ணம் வேறு.

பழைய கசப்பும் ஒன்று உண்டு. 2009-ல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும், குஜராத்தின் வதோதராவிலும் சிறுமிகளுக்கு இந்த ஊசி போட்டார்கள். சில சிறுமிகள் இறந்தனர். 2010-ல் வேலை நிறுத்தப்பட்டது. அந்த மரணங்களுக்கு ஊசி காரணமாகத் தெரியவில்லை என்றது விசாரணை. ஆனால், பெற்றோரின் சம்மதம் பெற்ற முறை சரியில்லை என்றும் அதே விசாரணை கண்டித்தது. விளக்கிச் சொல்லாமல் ஊசி போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது பாடம்.

சொல்ல வேண்டியது என்ன?

கிருமி தொற்றும் முன்பே போட வேண்டும். அதனால்தான் 9 முதல் 14 வயது. ஏற்கெனவே தொற்றிய கிருமியை ஊசி விரட்டாது. ஊசி மருந்தில் உயிருள்ள கிருமி இல்லை. கை வலிக்கலாம், லேசாகக் காய்ச்சல் வரலாம். சிலருக்கு மயக்கம் வரும். எனவே 15 நிமிடம் உட்கார வைக்க வேண்டும். பிள்ளைப்பேறு கெடும் என்பது வெறும் புரளி. ஊசி போட்டவர்களும் பிற்காலத்தில் பரிசோதனை செய்துகொள்ளத்தான் வேண்டும்.

சிக்கிம் காட்டிய வழி

2018-ல் சிக்கிம் மாநிலம் பள்ளிகள் மூலம் சிறுமிகளுக்கு ஊசி போட்டது. 100-க்கு 95 பேருக்கு மேல் போட்டுக்கொண்டார்கள். சுகாதார ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் முதலில் விளக்கினார்கள். பிறகுதான் ஊசியை எடுத்தார்கள்.

மற்ற இடங்களிலும் நர்சுகளிடமிருந்தே தொடங்கலாமே! நர்சுப் பயிற்சி பெறும் மாணவிகளில் பெரும்பாலோர் 26 வயதுக்கு உட்பட்டவர்கள். அவர்கள் இன்னும் ஊசி போட்டுக்கொள்ளலாம். பயிற்சிப் பள்ளிகளே அதை இலவசமாகப் போட்டால் என்ன?

அப்போது தாயின் கேள்விக்குப் பதில் தயாராக இருக்கும்:

"நானே போட்டுக்கொண்டிருக்கிறேன், அம்மா!"