மான்செஸ்டரில் ஓடும் டாக்ஸிக்கு வுல்வர்ஹாம்ப்டன் லைசென்ஸ்: கண்காணிப்புச் செலவு யார் தலையில்?

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஒருவர் ஆப்பில் வண்டி புக் செய்கிறார். வந்து நிற்கும் காரில் இருப்பது வுல்வர்ஹாம்ப்டன் கவுன்சிலின் அடையாளம். அந்த ஊர் சாலை வழியே நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. டிரைவர் மான்செஸ்டர்காரர், பயணியும் மான்செஸ்டர்காரர், லைசென்ஸ் மட்டும் வெளியூர். இது சட்டவிரோதமா? இல்லை. அங்கேதான் பிரச்னையே.

இங்கிலாந்தில் டாக்ஸிக்கு லைசென்ஸ் கொடுப்பது உள்ளூர் கவுன்சில்கள். இப்படி 250க்கும் மேற்பட்ட அமைப்புகள் இருக்கின்றன. முன்பதிவு செய்து ஏறும் 'பிரைவேட் ஹயர்' வண்டிகளுக்கு 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு நிபந்தனை வைத்தது: டிரைவர், வண்டி, புக்கிங் எடுக்கும் நிறுவனம் மூன்றுக்கும் ஒரே கவுன்சிலின் லைசென்ஸ் இருக்க வேண்டும். ஆனால் அந்த வண்டி எந்த ஊரில் ஓட வேண்டும் என்று சட்டம் கட்டுப்படுத்தவில்லை. 2015இல் ஒரு பகுதி நிறுவனம் இன்னொரு பகுதி நிறுவனத்துக்கு சவாரியைக் கைமாற்றவும் அனுமதி கிடைத்தது. ஆப் நிறுவனங்களும் வளர, ஊர் எல்லை என்பது பேருக்குத்தான் என்றாகிவிட்டது.

காசு ஓர் ஊருக்கு, வேலை இன்னோர் ஊருக்கு

லைசென்ஸ் கட்டணத்தில் கவுன்சில் லாபம் பார்க்கக் கூடாது. விண்ணப்பப் பரிசீலனை, கண்காணிப்பு போன்ற செலவுகளுக்குத்தான் அந்தப் பணம். வெளியூர் லைசென்ஸ் வாங்கியவரின் கட்டணம் வுல்வர்ஹாம்ப்டனுக்குப் போகிறது. சாலையில் நிற்பதோ மான்செஸ்டர் அதிகாரி. வெளியூர் வண்டியின் லைசென்ஸை அவரால் நிறுத்தி வைக்க முடியாது. லைசென்ஸ் கொடுத்த கவுன்சிலுக்குத் தகவல் அனுப்பலாம். 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி, 20 வேலை நாட்களுக்குள் அவர்கள் பதில் சொல்ல வேண்டும். அதுவரை வண்டி ஓடலாம்.

இன்னொரு சிக்கல், இது ஒரு சுழல். டிரைவர்கள் வெளியூருக்குப் போகப் போக, உள்ளூர் கவுன்சிலின் அலுவலகச் செலவை மிச்சமிருக்கும் கொஞ்சப் பேர் சுமக்க வேண்டும். கட்டணம் ஏறும். ஏறினால் இன்னும் சிலர் கிளம்புவார்கள். கிரேட்டர் மான்செஸ்டரில் ஓடும் பிரைவேட் ஹயர் வண்டிகளில் கிட்டத்தட்ட பாதி வெளியூர் லைசென்ஸ் என்று அந்தப் பகுதி நிர்வாகம் 2025இல் சொன்னது. அங்குள்ள 10 கவுன்சில்களும் சேர்ந்து பொதுத் தரம் வகுத்தும் இதுதான் நிலை.

வுல்வர்ஹாம்ப்டன் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. டிரைவர்களின் குற்றப் பின்னணியைத் தினமும் சரிபார்ப்பதாகவும், தன் அதிகாரிகளை மற்ற நகரங்களுக்கே அனுப்பிச் சோதிப்பதாகவும் அது சொல்கிறது. கேட்டு வருபவருக்கு, தகுதி இருந்தால், லைசென்ஸ் மறுக்கவும் முடியாதே.

ராதர்ஹாம் கற்றுக்கொடுத்தது

இது வெறும் கணக்கு வழக்குச் சண்டை இல்லை. ராதர்ஹாம் நகரில் 1997 முதல் 2013 வரை சுமார் 1,400 சிறார்கள் பாலியல் சுரண்டலுக்கு ஆளானதாக 2014இல் வெளியான ஜே அறிக்கை மதிப்பிட்டது. அதில் டாக்ஸி டிரைவர்கள் சிலரின் பங்கையும் அது சுட்டிக்காட்டியது. பிறகு அந்த ஊர் வண்டிகளில் கேமரா கட்டாயமானது. ஆனால் அந்த விதி இல்லாத ஊரில் லைசென்ஸ் வாங்கிய வண்டி ராதர்ஹாமில் சவாரி எடுக்கத் தடையில்லை. 2025 ஜூனில் லூயிஸ் கேசியின் அறிக்கை, இந்த ஓட்டையை அடைக்கச் சொன்னது.

வழி என்ன? தேசிய அளவில் ஒரே தரம் என்பது ஒரு யோசனை. தரம் ஒன்றானாலும் பணம் லைசென்ஸ் கொடுத்த ஊருக்கே போகும், அதனால் அது பாதித் தீர்வுதான். கவுன்சில்கள் தங்கள் அதிகாரத்தை ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொள்ளலாம், சட்டத்தில் இடமுண்டு. ஆனால் பக்கத்து ஊருக்காகச் சோதனை செய்யும் அதிகாரிக்கு யார் சம்பளம் தருவது என்பதில்தான் பேச்சு இழுக்கும். லைசென்ஸ் பொறுப்பையே பிராந்திய அளவிலான போக்குவரத்து அமைப்புகளிடம் கொடுப்பது பற்றிக் கருத்துக் கேட்போம் என்று 2024 டிசம்பரில் அரசு ஒரு வெள்ளை அறிக்கையில் சொன்னது. கொஞ்சம் உருப்படியான யோசனை இதுதான்.

அமெரிக்காவின் வாஷிங்டன் வட்டாரம் இதை 1960லேயே வேறு விதமாகக் கையாண்டது. வாஷிங்டன் டி.சி., மேரிலாந்து, வர்ஜீனியா மூன்றும் ஒப்பந்தம் போட்டு, தனியார் பயணி வாகனங்களுக்குப் பொதுவான ஆணையம் அமைத்தன. மாநில எல்லை தாண்டும் டாக்ஸி கட்டணத்தையும் அதுதான் நிர்ணயிக்கிறது. ஆணையச் செலவு, அந்த வட்டாரத்தில் ஒவ்வொருவருக்கும் உள்ள மக்கள்தொகை விகிதப்படி பிரிக்கப்படுகிறது. இங்கிலாந்தில் அப்படிப் பிரிப்பதானால், மக்கள்தொகையைப் பார்ப்பதா, எந்த ஊரில் எத்தனை சவாரி ஓடுகிறது என்று பார்ப்பதா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். சவாரிக் கணக்கு ஆப் நிறுவனங்களின் கையில் இருக்கிறது.